சேதுச் சீமையில் போர் எப்படி நடந்தது?

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருந்தார்: "நம்ம பக்கத்து வரலாறு என்றாலே வீரம், வீரம் என்றுதான் பேசுகிறார்கள். போர்த்தந்திரம் என்று ஏதாவது இருந்ததா? வளரியை வைத்துக்கொண்டு துப்பாக்கியை எதிர்த்தார்கள் என்பது உண்மையா? தந்திரம் இருந்தது என்றால் ஏன் தோற்றோம்?"

தந்திரம் இருந்தது தம்பி. மேடையில் பேசச் சௌகரியமாக இல்லாததால் யாரும் அதைப் பேசுவதில்லை. "மார்பைக் காட்டி நின்றான்" என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். "எதிரியை முள்ளுக்குள் இழுத்து, தாகத்தில் வாட்டி, ஒற்றை வரிசையாக நடக்க வைத்து, பக்கவாட்டிலிருந்து அடித்துவிட்டு ஓடி மறைந்தான்" என்றால் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் ராமநாதபுரம் கரையில் நடந்த சண்டைகளில் நம் ஆட்களுக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான். திறந்த வெளியில் அணிவகுத்து மோதுவது இந்த மண்ணுக்குச் சரிப்பட்டு வராது. இந்த மண்ணும் கடலும் எதிரியைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தை வைத்துச் சண்டை போடுவதுதான் இங்கே பழகிய முறை. தாமதத்தை உடைக்க வழி கண்டுபிடித்தவன் எவனோ, அவன் ஜெயித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் 12ஆம் நூற்றாண்டிலிருந்து 1801 வரைக்கும் ஒரே கதைதான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது.

முதலில் கடல். நீங்கள் கீழக்கரைக்காரர், உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். சேதுத் திட்டுகளில் இன்னும் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் பாம்பன் வாய்க்காலை வெடிவைத்து ஆழப்படுத்துவதற்கு முன்பு அதில் சிறு தோணிகள் மட்டும்தான் நுழைந்து போக முடியும். பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும். அப்புறம் காற்று. வாடைக் காற்று (வடகிழக்கு) வீசும் காலத்தில் வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று (தென்மேற்கு) வீசும் காலத்தில் அப்படியே தலைகீழ். பாம்பன் மீனவர்கள் இன்றும் பருவம் பார்த்துக் கடல் மாறித்தான் தொழில் செய்கிறார்கள். இந்தக் கரையில் படை இறக்க நினைத்தவன் எந்த மாதம், எந்தக் கடல், எத்தனை அடி ஆழம் என்று தெரிந்த ஆளைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் உள்ளூர்க்காரனாகத்தான் இருப்பான். அதனால் இங்கே வந்த படையெடுப்பு எதுவும் உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் வரவில்லை.

லங்காபுரன் வந்த கதை இதற்கு நல்ல உதாரணம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதுரைச் சிம்மாசனத்துக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். மதுரைக்குள் முற்றுகையில் சிக்கிய பராக்கிரமன், இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். உதவி வந்து சேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டுவிட்டான். ஆனாலும் லங்காபுரன் என்ற தண்டநாயகன் படையோடு வந்து இறங்கி ராமேஸ்வரத்தைப் பிடித்தான்.

அடுத்து அவன் செய்த காரியம்தான் முக்கியம். நேராக மதுரைக்கு ஓடவில்லை. பாம்பன் தீவின் குந்துகாலில் ஒரு கோட்டையைக் கட்டி, தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்தான். மூன்று சுற்று மதிலும், ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நீரோடும்படி அகழியும் இருந்ததாக மகாவம்சம் வர்ணிக்கிறது. அது சிங்கள அரசர்களைப் புகழ எழுதிய நூல். அளவுகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். ஆனால் இடத்தேர்வைப் பாருங்கள். குந்துகால் முனையில் நின்றால் முன்னால் தென்கடல், கூப்பிடு தூரத்தில் பாம்பன் வாய்க்கால், எதிரே மண்டபம். முதுகுப்பக்கம் எந்தப் பருவத்திலும் ஏதோ ஒரு கடல் அடங்கியிருக்கும். அரிசியும் ஆளும் இலங்கையிலிருந்து வந்துகொண்டே இருக்கலாம். இன்றைய ராணுவக்காரர்கள் படை இறக்கினால் முதலில் கரையில் ஒரு பிடிமானத்தைத்தான் தேடுவார்கள். லங்காபுரன் செய்தது அதுவேதான். குலசேகரன் தரைவழியும் கடல்வழியுமாக அந்தக் கோட்டையை மோதிப் பார்த்தும் அசைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் லங்காபுரன் உள்நாட்டுக்குள் நகர்ந்தான். அதுவும் குறுநிலத் தலைவர்களை ஒவ்வொருவராக அடித்தோ வளைத்தோ போட்டுக்கொண்டு.

முடிவு அவனுக்குச் சாதகமாக இல்லை. குலசேகரனுக்குச் சோழர் உதவி கிடைத்தது. பல்லவராயன் தலைமையில் வந்த சோழப்படை லங்காபுர தண்டநாயகனையும் மற்றவர்களையும் கொன்று மதுரை வாசலில் தலைகளைத் தைத்து வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. மகாவம்சம் இந்த இடத்தில் வாயே திறப்பதில்லை. தோல்வியை எழுதாமல் விடுவதில் எல்லா நாட்டு அரசவைப் புலவர்களும் ஒரே ஜாதிதான்.

அதோடு சோழர் நிற்கவில்லை. இலங்கையின் ஊராத்துறை, மாதோட்டம் போன்ற துறைகளில் பராக்கிரமபாகு மறுபடி படையும் கலமும் திரட்டுகிறான் என்று சேதி வந்ததும், அவன் மருமகனும் எதிராளியுமான சீவல்லபனைப் பிடித்து, அவனிடம் படை கொடுத்து அந்தத் துறைகளையே போய் அழிக்கச் சொன்னார்கள். திருவாலங்காட்டுக் கல்வெட்டில் இந்தச் சேதி இருக்கிறது. எதிரி கலம் ஏறுவதற்கு முன்பே கலத்தைக் கொளுத்துவது, அதையும் எதிரியின் சொந்தக்காரனை வைத்தே செய்வது! இந்தச் சொந்தக்காரன் உத்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், 1801-ல் மறுபடி வரும்.

1538-ல் வேதாளையில் நடந்ததற்கு வருவோம். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அதே வேதாளைதான். கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படை, பட்டு மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர், அலி இப்ராஹிம் ஆகியோர் தலைமையில் ஏறத்தாழ ஐம்பது கலங்களோடு, இலங்கைக்குப் புறப்பட்டது. அங்கே 'கோட்டை' என்ற ராஜ்யத்தின் அரசனை எதிர்த்த சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவத்தான். மரைக்காயர்களின் பலமே துடுப்புப் போட்டு ஓட்டும் லேசான கலங்கள்தான். காற்று இல்லாவிட்டாலும் ஓடும், இடுப்பளவு நீரிலும் மிதக்கும், ஆபத்து என்றால் போர்த்துக்கீசியப் பெரிய கப்பல் தொடரவே முடியாத திட்டுக்குள் நுழைந்துவிடும். சின்னப் படையை வைத்துக்கொண்டு பெரிய வல்லரசை ஒரு நூற்றாண்டு காலம் அலைக்கழித்தது இந்த உத்தி.

வேதாளையில் அது ஏன் கைவிட்டது? இரண்டு காரணம். எதிரே வந்த மார்த்திம் அபோன்சோ டி சூசா பெரிய கப்பலை நம்பாமல் தானும் துடுப்புக் கலங்களிலேயே வந்தான். ஆழமின்மை என்ற அரண் அந்த நிமிடமே போய்விட்டது. இரண்டாவது, மரைக்காயர் கலங்கள் கரையேற்றப்பட்டு, ஆட்கள் தரையில் பாளையம் இறங்கியிருந்தார்கள். கடலில் அவர்களைப் பிடிப்பது லேசில்லை. கரையில் கிடக்கும் கலமோ வெறும் மரக்கட்டை. தரைச்சண்டை கடுமையாகத்தான் நடந்தது. ஆனால் முடிவில் கலங்களும் பீரங்கிகளும் போர்த்துக்கீசியர் கைக்குப் போயின. இந்தக் கரையில் நடந்த கடற்போர்களில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான் என்பேன். நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை.

1639 வாக்கில் நடந்தது கொஞ்சம் விசித்திரம். ராமநாதபுரம் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவனான இரண்டாம் சடைக்கன் என்ற தளவாய் சேதுபதிக்கும் மதுரைத் திருமலை நாயக்கருக்கும் பகை முற்றி, நாயக்கரின் தளவாய் (படைத்தலைவன்) ராமப்பய்யன் பெரும்படையோடு வந்தான். சடைக்கன் சண்டை போட்டுப் பின்வாங்கி, கடைசியில் ராமேஸ்வரம் தீவுக்குள் போய்விட்டான். நடுவே கடல், சுற்றிலும் திட்டு. ராமப்பய்யன் என்ன செய்தான்? கடலையே தூர்த்து வழி போட்டான் என்று அம்மானைப் பாட்டு பாடுகிறது. பாட்டு ராமாயணத்தை நினைத்துக்கொண்டு பாடியிருக்கலாம். ஆனால் நாயக்கர் போர்த்துக்கீசியரோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் கலங்களின் உதவியை வாங்கியது ஆவணத்தில் இருக்கிற சேதி. ஆக, தீவுக்குள் போனவனைப் பிடிக்கக் கடல் தெரிந்தவன் தேவைப்பட்டான். சடைக்கன் பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போனான். ஆனால் சீமையைக் கட்டி ஆள நாயக்கரால் முடியவில்லை. சேதுவுக்குப் போகிற யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்பில்லை என்ற முறையீடு வலுத்து, கடைசியில் அவனையே விடுதலை செய்து அனுப்ப வேண்டியதாயிற்று. போரில் தோற்றவன் வழிக்காவல் என்ற பொறுப்பால் ஜெயித்த இடம் இது.

தரைக்கு வருகிறேன். சேதுபதிகளின் படைக்குச் சம்பளப் பட்டியல் பெரிதாகக் கிடையாது. நிலத்தை அனுபவிப்பவன் அழைப்பு வந்தால் ஆளோடும் ஆயுதத்தோடும் வந்து நிற்கவேண்டும். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கே இருந்த ஏசுசபைப் பாதிரிமார் கடிதங்களில், எட்டு நாளைக்குள் முப்பது நாற்பதாயிரம் பேரை மறவர் சீமை மன்னரால் திரட்ட முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். 1650-களின் பிற்பகுதியில் மைசூர்ப்படை மதுரையை நெருங்கியபோது ரகுநாத சேதுபதி ஆள் திரட்டி வந்து நாயக்கரைக் காப்பாற்றிய வேகத்துக்கும் இந்த ஏற்பாடுதான் காரணம். 'மூக்கறுப்புப் போர்' என்று படித்திருப்பீர்கள், அதுதான். இதில் ஒரு பலவீனமும் உண்டு. சோறும் வெடிமருந்தும் ஆளாளுக்குக் கொண்டுவந்ததோடு சரி. மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கிற படை அல்ல இது. விதைப்புக் காலம் வந்தால் ஆள் கரையும். அப்புறம், 'மறவர் படை' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் எல்லாச் சமூகத்து ஆட்களும் இருந்தார்கள். ஜாதிச் சங்க மேடைகளில் மட்டும்தான் அது ஒரு ஜாதிப் படை.

வளரி விஷயம். வளைந்த கட்டை, ஒரு முனை கனமாக, மறுமுனை பிடிக்கத் தோதாக மெலிந்து இருக்கும். மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் செய்வார்கள். மெல்லிய முனையைப் பிடித்துச் சுழற்றி, தரைக்குக் கிடைமட்டமாகப் போகும்படி விடவேண்டும். அடிப்படையில் முயல், மான் வேட்டைக் கருவி. எறிந்தால் திரும்பக் கைக்கு வந்துவிடும் என்பது சினிமா; பெரும்பாலான வளரிகள் போன இடத்திலேயே விழும். அப்படியென்றால் உதவாத ஆயுதமா? இல்லை. சிவகங்கைச் சீமையை நடத்திய மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவிடம் நேரில் வளரி எறியக் கற்றுக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்த கையில் அது நூறு கெஜத்துக்குள் குறி தவறாது என்று எழுதியிருக்கிறார். அன்றைக்குக் கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியும் தனி ஆளைக் குறிபார்த்து அடிக்க நூறு கெஜத்துக்கு மேல் உதவாது. பழகிய கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடும். அவ்வளவுதான் வித்தியாசமா என்றால், அங்கேதான் சூட்சுமம். துப்பாக்கியின் பலம் குறியில் இல்லை. நூறு பேர் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுடுவதில் இருந்தது. நூறு பேர் தோளோடு தோள் நிற்க வெட்டவெளி வேண்டும். முள்ளுக்குள் அந்த வரிசை உடைந்துவிடும். உடைந்தால் ஒவ்வொரு சிப்பாயும் தனி ஆள். தனி ஆளுக்கு எதிரே வளரியும் ஈட்டியும் ஈடுகொடுக்கும். தவிர மருது படையில் திரித்துப்பாக்கிகளும் இருந்தன. வெறும் வளரியோடு யாரும் போகவில்லை.

முள் என்றதும் இன்றைய சீமைக்கருவேலத்தை நினைக்காதீர்கள். அது பின்னால் வந்து பரவியது. அன்றைய காடு உடைமரமும் இண்டும் சூரையும் கள்ளியும் பின்னிக்கிடந்த காடு. குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரத்தடியில் குனிந்தால் ஆள் போகலாம், குதிரைமேல் இருப்பவன் போகமுடியாது. பீரங்கி வண்டியும் போகாது. இரண்டு பக்கமும் முள்ளை வளர்த்து, நடுவே ஒற்றையடிப் பாதையை மட்டும் விட்டு, அதிலும் திருப்பத்துக்குத் திருப்பம் மண்மேடு போட்டு வைத்தால் அது கோட்டையைவிடப் பெரிய கோட்டை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கற்கோட்டையும் முட்காடும் எப்படித் தாங்கின என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ராமநாதபுரத்தைத் தலைநகராக்கிக் கோட்டையைப் பலப்படுத்தியவர் 1710-ல் இறந்த கிழவன் சேதுபதி. அந்தக் காலத்துப் படைகளுக்கு அது போதுமான கோட்டை. 1772-ல் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தும் ஆற்காட்டு நவாபின் மகனும் முற்றுகைப் பீரங்கிகளோடு வந்தபோது சில நாள் அடியில் மதில் பிளந்து, ஜூன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்த மன்னர் முத்துராமலிங்க சேதுபதி சிறுபிள்ளை. நேர்க்குத்தாக நிற்கும் கல்மதில் பீரங்கிக்கு வசதியான குறி. அடித்தால் பாளம் பாளமாக விழும். மண்சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும்.

பக்கத்துச் சீமையான பாஞ்சாலங்குறிச்சியில் 1801 மார்ச் கடைசியில் கம்பெனிப்படை மண்கோட்டையை உடைத்து ஏறியும் உள்ளே இறங்க முடியாமல் செத்தது. உடைப்புக்குப் பின்னால் கால்வைக்க மேடே இல்லை. கீழே குழிவான இடத்தில் நின்றவர்கள் இருபது அடி நீள ஈட்டியால் அண்ணாந்து குத்தினார்கள். மே மாதம் கூடுதல் படை வந்த பிறகுதான் அது விழுந்தது.

அங்கிருந்து தப்பிய கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சிறுவயலுக்கு, மருதிருவரிடம் வந்து சேர்ந்தார். ஜூன் 16-ல் கம்பெனிக்கு எதிரான சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. கம்பெனியின் கர்னல் அக்னியூ படையோடு சிறுவயலை நெருங்கியபோது ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டு மருது ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். எதிரிக்கு நிழலும் தானியமும் கிடைக்கக்கூடாது. சிறுவயலிலிருந்து காளையார்கோவில் சில மைல் தூரம்தான். அந்தச் சில மைலுக்குக் காட்டை வெட்டி ரோடு போட ஜூலைக் கடைசியில் இறங்கினார்கள். கோடாலிக்காரன் முன்னே, அவனுக்குக் காவலாகச் சிப்பாய் இரு பக்கமும். வெட்டுகிற சத்தம் கேட்கிற இடமெல்லாம் மருது ஆட்களுக்குக் குறி. பகலில் வெட்டிய வழிக்கு முன்னால் இரவில் புதிய மண்மேடு முளைக்கும். ஒரு மாதம் முக்கி முனகி, செப்டம்பர் தொடக்கத்தில் ரோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்கினார் அக்னியூ. ராமநாதபுரம் கற்கோட்டை சில நாளில் விழுந்தது. காளையார்கோவில் முட்காட்டை ஒரு மாதத்தில் வெட்டி முடிக்க முடியவில்லை.

அப்புறம் எப்படித் தோற்றார்கள்? அக்னியூ கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அரசியலை எடுத்தார். சிவகங்கை மன்னர் குடும்பத்து வாரிசு என்று உரிமை கொண்டாடிய படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவரை வரவழைத்து, செப்டம்பர் 12-ல் சோழபுரத்தில் முடிசூட்டினார். மருதிருவர் மன்னர் வம்சம் இல்லை என்ற முணுமுணுப்பு சீமைக்குள் ஏற்கெனவே இருந்தது. அந்த முணுமுணுப்புக்கு ஒரு முகம் கிடைத்ததும் ஆட்கள் கரைய ஆரம்பித்தார்கள். காட்டுவழி தெரிந்தவர்களும் கம்பெனிப் பக்கம் வந்தார்கள். அக்டோபர் 1-ல் பல திசையிலிருந்து ஒரே நேரத்தில் படைகள் புகுந்தன. ஒரு பிரிவு இருட்டோடு இருட்டாக வேறு பாதையில் புறப்பட்டது. ஒற்றைப் பாதையைக் காக்கத் தோதான அரண், நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வழி திறந்தால் என்ன செய்யும்? காளையார்கோவில் அன்றைக்கே விழுந்தது. 1772-லும் கிழக்கே ஸ்மித், மேற்கே பாஞ்சோர் என்று இரண்டு பக்கமிருந்து வந்துதான் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை அங்கே கொன்றிருந்தார்கள். அதே இடத்தில் அதே ஓட்டை. மருதிருவர் ராணுவ ரீதியாகச் செய்த பெரிய பிழை, காட்டுக்கு நடுவே விட்டுவிட முடியாத ஒரு மையத்தை வைத்துக்கொண்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வகையில் முதுகுளத்தூர்ப் பக்கத்து மயிலப்பன் சேர்வைக்காரரின் முறை இன்னும் சுத்தமானது. 1799 ஏப்ரலில் முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கிக் கைதிகளை விடுவித்து, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, அபிராமத்திலும் கமுதியிலும் கம்பெனியின் துணி, தானியக் கிடங்குகளில் கை வைத்தார். கோட்டை எதையும் பிடித்து உட்காரவில்லை. கம்பெனி இங்கே எதற்கு வந்ததோ அந்தச் சரக்கிலேயே அடி. பழைய வெட்சிப் போரில் மாட்டைக் கவர்ந்தது போல, இங்கே துணி மூட்டை. அவரையும் பிடித்து 1802 ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வெள்ளைக்காரன் இதையெல்லாம் நன்றாகவே புரிந்துகொண்டான் என்பதற்கு அவன் பின்னால் செய்ததே சாட்சி. மருதிருவரை அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதோடு விடவில்லை. டிசம்பர் 1-ல் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி அறிக்கை வந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, காடுகள் அழிக்கப்பட்டன. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் 1802 பிப்ரவரியில் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆயுதம், அரண், ஆள், மூன்றையும் தனித்தனியாக எடுத்திருக்கிறார்கள்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் குந்துகாலுக்கு மாலை வெயிலில் போங்கள்; பழைய கோட்டையின் சுவடு கண்ணில் படாது, ஆனால் இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நின்ற இடத்திலேயே விளங்கும். வேதாளை அங்கிருந்து பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம். கமுதியில் குண்டாற்றங்கரையில் வட்டக் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. பீரங்கியை மனதில் வைத்து மூலை இல்லாமல் கட்டியிருக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் யோசனை என்பார்கள். வளரியைக் கிட்டத்தில் பார்க்க ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் கேளுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறையாக இருக்க வாய்ப்புண்டு.